திஸ்ர நடையில் ஓடிய தாளத்தை நிறுத்திய விதம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கம் கற்கத் தொடங்கிய புதிதில், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை (சிறு அலகு) வரும் சதுஸ்ர நடையிலிருந்து மூன்று வரும் திஸ்ர நடைக்கு மாறும்போதெல்லாம் என் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், ஓடத் தொடங்கிவிடும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் 'தகதிமி' வந்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை, 'தகிட' வந்தால் 24. கணக்கு மனத்தில் தெளிவாக இருந்தும் கைக்கு வரவில்லை.

மிருதங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, தாளம் போட்டபடி இந்தச் சொற்கட்டை மட்டும் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். முதல் 4 எண்ணிக்கைகளான லகுவில் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என எண்ணும் வரை இடைவெளி சீராகவே இருந்தது. தட்டும் வீச்சுமாக இரண்டு எண்ணிக்கை கொண்ட திருதத்தில் கையைத் திருப்பி வீசும் இடத்தில்தான், அங்கே ஓசை எழாததால், அடுத்த தட்டு முந்திக்கொண்டு விழுந்தது.

ஆகவே, நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற வேகத்தை மாற்றாமல், சீரான இடைவெளியில் ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியை மட்டும் 30க்கு இறக்கினேன். அதன் ஓசை 1, 3, 5, 7 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டும் விழும். வீச்சு வரும் 6, 8 ஆகியவற்றை நாமே தாங்கிப் பிடிக்க வேண்டும், அவசரப்பட்டால் அடுத்த தட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒலிக்கும் மெட்ரோனோம், என் கருத்தில், ஊன்றுகோலைப் போலச் சாய்ந்து நடக்கவே பழக்குகிறது.

ஓர் ஆவர்த்தனம் தகதிமி, அடுத்தது தகிட என்று வாயால் மாற்றி மாற்றிச் சொன்னேன். அடுக்குமாடி வீட்டில் இரவிலும் இதற்குத் தடையில்லை. நடை மாறியும் தட்டு இடம் மாறாமல் நின்ற பிறகே வாத்தியத்தைக் கையில் எடுத்தேன். எண்ணிக்கைக்கு ஐந்து மாத்திரை வரும் கண்ட நடையின் 'தகதகிட'வுக்கும் இப்போது இதே முறையைத்தான் கையாள்கிறேன்.