வான் பாயும் வாழ்த்து மட்டை

பானையும் கரும்பும் போட்ட தைப்பொங்கல் மட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். மாரி வஞ்சகமில்லாமல் பெய்து இரணைமடுக் குளத்தின் மேலதிகத் தண்ணி பாயும் வான்கதவு திறந்த வருசத்தில், இழுக்க இழுக்கக் கதவு ஏறி நுரை பாயும் மட்டைதான் வன்னி வீட்டுக்குப் பொருத்தம். வேலை ஒன்றரை மணித்தியாலம், பசை காய ஓர் இரவு.

பிறிஸ்டல் போட் என்ற தடித்த தாள், பைண்டர் கம் பசை, பிளேட், அடிமட்டம், மை முடிந்த பேனை, ஒரு துண்டு மெழுகுதிரி போதும்.

வெட்டமுன் போட்டின் நாரோட்டத்தைப் பாருங்கள். இரண்டு பாட்டிலும் மெல்லச் சுருட்டினால் ஒரு பாட்டில் இலகுவாகச் சுருளும். அந்தச் சுருளின் நீளப்பாட்டில்தான் நார் ஓடுகிறது. மட்டைக்கும், கதவைத் தூக்க உள்ளே ஓடும் நீளத் துண்டான பட்டிக்கும் நார் மேலிருந்து கீழாக இருக்கவேண்டும். மாறினால் மடிப்பு வெடிக்கும், பட்டி தள்ளும்போது வளையும்.

ஏ4 அளவுத் துண்டை அடிமட்டம் வைத்து வெறும் பேனையால் கோடு அழுத்தி நடுவே மடியுங்கள். முன்பக்கம் 14.8 செ.மீ அகலம், 21 செ.மீ உயரம் வரும். அதில் மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ கீழே, நடுவாக, 5 செ.மீ அகலமும் 4 செ.மீ உயரமுமான சாளரம் வெட்டுங்கள்.

பட்டி 6 செ.மீ அகலம், 19.5 செ.மீ நீளம். அடியில் கடைசி 1 செ.மீ மட்டும் 8 செ.மீ அகலமாக, இரு பக்கமும் காது போல நீட்டி நிற்கட்டும். காது இல்லாவிட்டால் முதல் இழுவையிலேயே பட்டி கையோடு வந்துவிடும்.

முன்பக்கத்தின் உட்புறம் இரண்டு தண்டவாளம் ஒட்டவேண்டும். ஒவ்வொன்றும் 1 செ.மீ அகலம், 12.5 செ.மீ நீளம், இரண்டு அடுக்கு. மேல் விளிம்பிலிருந்து தொடங்கட்டும், சாளரம் இரண்டுக்கும் சரிநடுவில் வரட்டும். இடைவெளி 6.2 செ.மீ. இந்த 2 மி.மீ-இல்தான் பலர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். மார்கழி ஈரத்தில் தாள் நாருக்குக் குறுக்கே ஊதும். வெயில் நாளில் சொகுசாக ஓடிய பட்டி மழை பிடித்ததும் இறுகும். ஓரடுக்குத் தண்டவாளமும் அப்படித்தான், கடைசியில் மேலே ஒட்டும் மூடி பட்டியை அமத்திவிடும்.

பசையைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கமாகப் பூசுங்கள், உள்விளிம்பில் 2 மி.மீ வெறுமையாக விடுங்கள். பிதுங்கி உள்ளே வந்த பசைதான் முக்கால்வாசி மட்டைகளைக் கெடுக்கிறது. காய்ந்ததும் பட்டியின் இரு ஓரத்திலும் மெழுகு தேய்த்து, தலை 2 செ.மீ வெளியே நிற்க வையுங்கள். காதுக்குக் கீழே 8.2 செ.மீ நீள, 1 செ.மீ அகலத் தடுப்பு ஒன்று, இரண்டு அடுக்காக. அதன்மேல் 8.2 × 18.5 செ.மீ மூடியைத் தண்டவாளத்திலும் தடுப்பிலும் மட்டும் ஒட்டி, கொப்பிகளை அடுக்கிப் பாரம் வையுங்கள். அரைமணிக்கு ஒருதரம் பட்டியை ஒருக்கா அசைத்துவிடுங்கள்.

படத்தை முதலே கீறாதீர்கள், அரை செ.மீ விலகினாலும் கதவு கோணலாக நிற்கும். பட்டி கீழே இருக்கும்போது சாளரத்துக்குள்ளே கதவைக் கீறுங்கள். முழுக்க இழுத்து, தெரியும் வெற்றிடத்தில் நுரையைக் கீறுங்கள். அணைக்கட்டும் கீழே ஓடும் தண்ணியும் வெளியே. ஈர வர்ணம் வேண்டாம், பட்டி நெளியும். கலர் பென்சில் நல்லது.

தண்ணிக்கரையில் கழுத்தை ஆட்டும் கொக்கு வேண்டுமென்றால் தனி இழுபட்டி போடலாம். கழுத்து சுழலும் புள்ளிக்கும் பட்டி பூட்டும் புள்ளிக்கும் இடையே 1 செ.மீ விட்டால், 1 செ.மீ இழுவைக்குக் கழுத்து 60 பாகை அளவு திரும்பும். 2 செ.மீ விட்டால் 30-க்குள் நின்றுவிடும், ஆனால் இழுக்க லேசு. சுழலும் புள்ளியில் பூட்டப் பித்தளைப் பின் கிடைக்காவிட்டால் முன்னால் பாசிமணி, பின்னால் சட்டைப் பொத்தான், நடுவே நூல். முடிச்சுப் போடும்போது பொத்தானுக்குக் கீழே நெருப்புக்குச்சி ஒன்றை வைத்துக் கட்டி, பிறகு உருவிவிடுங்கள்; சுழலத் தேவையான தளர்வு கிடைக்கும்.

காய்ந்தபின் பட்டி அசையாவிட்டால் பலமாக இழுக்கவேண்டாம், தலை கிழியும். மெல்லிய இரும்பு அடிமட்டத்தை மேல் வாயால் விட்டு இரு ஓரத்திலும் ஓட்டுங்கள், பசை விடும். உறை 16 × 24 செ.மீ. கதவை இறக்கியபடியே போடுங்கள்.