இங்கிலாந்தில் பிரிகிறவர்களுக்கு: வீடியோவில் சமரசம்

நானும் குழந்தைகளின் அப்பாவும் பிரிந்தபோது நேரே கோர்ட்டுக்குப் போகவில்லை. முதலில் மீடியேட்டரை, அதாவது நடுவில் இருந்து சமரசம் பேச உதவுபவரை, தனித்தனியாகச் சந்திக்க வேண்டும், இந்தச் சந்திப்பை மியாம் என்பார்கள். 2014 முதல், சில விலக்குகள் தவிர, கோர்ட்டில் மனுப்போட இது கட்டாயம். வீட்டில் அடி உதை இருந்தால் விலக்கு உண்டு, அதை மறைக்காதீர்கள்.

செலவுதான் எல்லாருக்கும் பயம். கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு, மணிக்கு இவ்வளவு என்று. வாட் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒருவருக்கு லீகல் எய்ட் (அரசின் சட்டச் செலவு உதவி) கிடைத்தால் அவருக்கு முழுதும் இலவசம். மற்றவருக்கும் மியாமும் முதல் அமர்வும் இலவசம். பிள்ளைகள் விஷயம் என்றால், 2021-ல் தொடங்கிய சமரசச் செலவுக்கான 500 பவுண்டு வரையிலான அரசு வவுச்சர் இப்போது கிடைக்குமா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வீடியோ அமர்வு. பேங்க் ஸ்டேட்மென்ட், பென்ஷன் மதிப்பு, வீட்டுக்கடன் பாக்கி எல்லாம் முன்பே அனுப்புங்கள். ஹெட்போன் அவசியம். என் சின்னவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவளை அக்கா வீட்டில் விட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மனம் வராவிட்டால் தனித்தனி வீடியோ அறை கேளுங்கள், தருவார்கள்.

கடைசியில் தரும் ஒப்பந்தக் குறிப்பு சட்டப்படி கட்டுப்படுத்தாது. பணம், வீடு பற்றியதை சொலிசிட்டர் மூலம் கன்சென்ட் ஆர்டராக, அதாவது இருவர் சம்மதத்தோடு கோர்ட் தரும் உத்தரவாக, ஆக்கிக்கொள்ளுங்கள்.