பனை வைரத்தில் ஒரு பேனை: ஸ்லிம்லைன் கிட்டும் சிரட்டை வளையமும்

பேனை கடையப் பழகுகிறவர்களுக்குப் பனையைக் கொடுக்காதே என்பார்கள். சிராய் பறக்கும், துளை கோணும், கடைசி நிமிடத்தில் வாய் பிளக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் நன்றாய்க் காய்ந்து, கறுப்பு வரி ஓடி, பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கிற மரம் அதுதான். லேத்தில் மரம் மாட்டுவதும் உளி தீட்டுவதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்லிம்லைன் கிட் என்பது மெல்லிய முறுக்குப் பேனைக்கான பாகங்கள்: பித்தளைக் குழாய் இரண்டு, நிப் (ரீபில் முனை வெளியே வரும் கூம்பு), முறுக்கும் பொறி, நடு வளையம், கிளிப், மூடி, ரீபில்.

மரம்

பழைய நாற்சார் வீடு பிரிக்கிற இடத்தில் கைமரத் துண்டு கேளுங்கள். உயிர்ப்பனையைத் தறிக்க அனுமதி வேண்டும். அதை விடுங்கள், பச்சை மரம் பேனைக்கு ஆகவே ஆகாது. கடைந்த பிறகு சுருங்கிக் குழாயின் மேலேயே வெடிக்கும். மரத்தின் வெளிவட்டத்தில் கறுப்பு நார் நெருங்கிய வைரம்தான் தேவை. உள்ளே போகப் போக நார் ஐதாகிச் சோற்றியாகிவிடும். அறுக்கும் முன் ஒரு காந்தத்தை நெடுக ஓட்டுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு பழைய ஆணி போதும், வாளின் பல் போய்விடும்.

20 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளம். நார் பேனையின் நீளவாக்கில் ஓடவேண்டும். 10 பாகை சரித்து அறுத்தால் கோடுகள் புள்ளியாகி மிக வடிவாக வரும், ஆனால் முதல் இரண்டு மூன்று பேனைக்கு அந்த ஆசை வேண்டாம்.

துளை: இங்கேதான் பலர் மரத்தை எறிகிறார்கள்

பனை ஒரே பொருள் அல்ல. கம்பி மாதிரிக் கறுப்பு நார், அதற்கிடையில் மெத்தென்ற பழுப்பு. டிரில் நுனி நாரில் பட்டால் வழுக்கி மெத்தைக்குள் இறங்கும், அங்கிருந்து துளை கோணிப்போகும். கிட்டின் பித்தளைக் குழாய்க்கு 7 மி.மீ. துளை. ஸ்லிம்லைன் புஷ்ஷிங்கின் (கடையும்போது மரத்தின் முனையில் நின்று முடிவு அளவைக் காட்டும் வளையம்) விட்டம் ஏறக்குறைய 8.3 மி.மீ. கழித்துப் பாருங்கள்: கடைந்து முடிய ஒரு பக்கத்தில் மிஞ்சும் மரம் 0.65 மி.மீ. தான். துளை அரை மில்லிமீற்றர் விலகினாலே ஒரு பக்கம் தோலாகிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குழாயை அளந்து (பெரும்பாலான ஸ்லிம்லைனில் 53 மி.மீ. வரும், ஆனாலும் அளவுங்கள்) அதற்கு மேல் 8 மி.மீ. கூட விட்டு இரண்டு துண்டாக வெட்டுங்கள். நார் தொடர்ந்து ஓடுவது தெரிய, வெட்டு வாய் இரண்டிலும் பென்சிலால் ஒரு கோடு. இரண்டு முனையிலும் மெல்லிய சூப்பர் குளூ ஊற்றி ஊறவிட்டுக் காயவிடுங்கள். பிறகு புதிய 7 மி.மீ. பிட், 500 ஆர்.பி.எம். அளவு, 5 மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டி மறுபடி இறக்குங்கள். அவசரப்பட்டால் சூடேறி மரம் வெடிக்கும். மறுபக்கம் துளைத்து வெளியே வரவிடாதீர்கள். குழாயின் நீளத்தைத் தாண்டி 3 மி.மீ. போனதும் நிறுத்தி, மூடியிருக்கும் மிச்சத்தை வாளால் சீவி எறிந்தால் துளையின் வாய் சுத்தமாகத் திறக்கும். கூட விட்ட 8 மி.மீ. இதற்குத்தான்.

டிரில் பிரஸ்ஸைவிட லேத்திலேயே, மரத்தைச் சக்கிலும் பிட்டை டெயில்ஸ்டொக்கிலும் பிடித்துத் துளைப்பது எவ்வளவோ மேல்.

குழாய்

குழாயை 150 சாண்ட் பேப்பரில் உரசி மினுக்கத்தை எடுங்கள். ஒரு முனையை உருளைக்கிழங்குச் சீவலில் குத்தினால் பசை உள்ளே போகாது. இரண்டு கலவையாக வரும் எபொக்சி பூசி, முறுக்கி முறுக்கி இறக்குங்கள். சூப்பர் குளூ இங்கே வேண்டாம். நம் வெக்கைக்குக் குழாய் பாதி வழியிலேயே பிடித்து நின்றுவிடும். ஐந்து நிமிட எபொக்சி என்றாலும் ஓர் இரவு விடுங்கள். காய்ந்தபின் கிழங்கைக் குடைந்து எடுத்து, குழாயின் உட்புறத்தில் பசை இருந்தால் சுரண்டுங்கள்.

முனையை 90 பாகைக்குச் சீவ ஆட்கள் பென் மில் வாங்குவார்கள். பனையில் அது நாரைப் பிடுங்கும். தட்டையான சாண்டிங் டிஸ்க்தான் நல்லது. பித்தளை மினுங்கியதும் நிறுத்துங்கள், குழாயைத் தேய்த்தால் ரீபில் கணக்குப் பிழைக்கும்.

சிரட்டை வளையம்

கிட்டோடு வரும் நடு வளையம் மலிவுப் பூச்சு. அதைக் கழற்றி வைத்து, தடிப்பை வேர்னியரில் அளவுங்கள். முற்றின தேங்காய்ச் சிரட்டையில் ஆகத் தட்டையான துண்டை எடுத்து இருபுறமும் தேய்த்து, நடுவில் 7 மி.மீ. துளையிடுங்கள். ஒரு துண்டு தடிப்புப் போதாவிட்டால் இரண்டை ஒட்டுங்கள். மெழுகு பூசிய மாண்ட்ரலில் (துண்டுகளைக் கோர்த்து லேத்தில் சுழற்றும் கம்பி) மேல் துண்டையும் வளையத்தையும் கோர்த்து, மேல் துண்டின் கீழ் முனையில் எபொக்சியால் ஒட்டுங்கள். தடிப்பு கிட்டின் வளையத்துக்குச் சரியாக இருந்தால் மேல் பாதி பழையபடியே நிற்கும். சிரட்டைத் தூள் மிக நுண்ணியது, மாஸ்க் கட்டாயம்.

கடைதல்

மாண்ட்ரல் நட்டை விரலால் இறுக்கினால் போதும், டெயில்ஸ்டொக்கும் தொட்டால் போதும். ஒரு பக்கம் மரம் புஷ்ஷிங்கோடு மட்டமாகவும் எதிர்ப்பக்கம் எழும்பியும் இருந்தால் உளியைக் குறை சொல்லாதீர்கள். இறுக்கிய இறுக்கில் மாண்ட்ரல் வளைந்திருக்கிறது.

1500 ஆர்.பி.எம்.மில் உருட்டுங்கள். 12 மி.மீ. வந்ததும் நிறுத்தி மெல்லிய சூப்பர் குளூவைச் சுற்றிவர ஊற்றுங்கள், 10 மி.மீ. வந்ததும் இன்னொரு முறை. கூர்மையான ஸ்க்யூவால் (வாய் சரிந்த தட்டை உளி) சீவுங்கள், சுரண்டாதீர்கள். சுரண்டினால் நார் வேரோடு வரும். உருவம் உங்கள் விருப்பம். பனைக்கு நேர்க் குச்சி மாதிரி வடிவு வேண்டாம். இரு முனையையும் புஷ்ஷிங்குக்குக் கொண்டுவந்து, நடுவை 11 மி.மீ. வயிறாக விடுங்கள். அங்கே 2 மி.மீ. மரம் நிற்கும், வரியும் தெரியும். புஷ்ஷிங்குக்கு அரை மில்லிமீற்றர் இருக்கும்போதே உளியை வைத்துவிட்டு 150இல் தொடங்குங்கள்.

150, 220, 320, 400, 600. ஒவ்வொன்றின் முடிவிலும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஓர் இழுப்பு. குளூ ஊறாத மரமாயிருந்தால் கறுப்புத் தூள் பழுப்பில் இறங்கி முழுதும் சாம்பலாகும்.

பூச்சு

நடுத்தரச் சூப்பர் குளூ, டிஷ்யூத் தாளில் இரண்டு சொட்டு, 600 ஆர்.பி.எம்., எட்டுப் பூச்சு. பழைய வேட்டித் துணியில் பூசப் போகாதீர்கள்: பருத்தியும் சூப்பர் குளூவும் சேர்ந்தால் கை சுடுமளவு சூடேறிப் புகையும். புஷ்ஷிங்குகளில் மெழுகுதிரி தேய்த்து வைத்தால் மரம் ஒட்டாது. அப்படியும் ஒட்டினால் பிளேட்டால் சுற்றிவரக் கீறிவிட்டுத்தான் கழற்றுங்கள்.

பூட்டுதல்

வைஸின் வாயில் பலகைத் துண்டு வைத்து அழுத்தினால் போதும், தனிப் பிரஸ் தேவையில்லை. கீழ்த்துண்டில் முதலில் நிப், மறுமுனையில் முறுக்கும் பொறி. பொறியைப் பாதியளவில் நிறுத்தி ரீபிலைப் பூட்டி முறுக்கிப் பாருங்கள். முனை போதுமான அளவு வெளியே வராவிட்டால் இன்னும் ஒரு மில்லிமீற்றர் அழுத்துங்கள். கூட அழுத்திவிட்டால் முனை உள்ளே போகாது, பொறியைத் திரும்ப இழுப்பதும் பெரும்பாடு. மேல் துண்டில் கிளிப்பும் மூடியும் வைத்து அழுத்தி, சிரட்டைப் பக்கத்தைப் பொறியின் மேல் தள்ளுங்கள், பென்சில் கோட்டில் பார்த்து வைத்த வரிகள் நேராக வரும்படி.

பிற்சேர்க்கை: பூச்சு பனிப்புகார் மாதிரி வெள்ளையாக வருகிறதா? ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இது வரும். ஈரக் காற்றில் சூப்பர் குளூ அவசரமாகக் காய்வதால் வருவது. 600இல் தேய்த்து எடுத்துவிட்டு, வெயில் அடிக்கிற நாளின் நடுப்பகலில், மெல்லிய பூச்சாக மறுபடி போடுங்கள்.