மோட்டோகிராஸ் (மண் தடத்தில் நடக்கும் பைக் ரேஸ்) பந்தயத்தில் குறைந்த செலவில் காமெடி ஷோ எடுப்பது எப்படி?

முதலில் ஒலியைக் கவனியுங்கள், கேமரா அப்புறம். போனில் எடுத்த படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேசுவது காதில் விழாத காமெடியை யாரும் பார்க்க மாட்டார்கள். கையில் இருக்கும் காசைச் சட்டையில் குத்தும் மைக்கிலும் அதன்மேல் மாட்டும் காற்றுத்தடுப்பு உறையிலும் போடுங்கள்.

டிராக் ஓரத்தில் பேட்டி வேண்டாம், பெரிய போட்டிகளில் 40 பைக் வரை ஒன்றாக உறுமும். ரைடர்கள் பைக்கைத் தயார் செய்யும் பிட் பகுதிதான் உங்களுக்குச் சுரங்கம். முகமெல்லாம் சேறு, கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று, மூச்சு வாங்க நிற்பார் ஒரு ரைடர், "இன்றைக்கு மண் ருசி எப்படி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், பதிலுக்கு முன்னால் வரும் அந்த முழிப்புதான் உங்கள் எபிசோடு. ரேசுக்கு முன் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வளைவின் வெளிப்புறம் நிற்கக்கூடாது, தடம் மாறும் பைக் அங்கேதான் வரும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரோ விழுந்திருக்கலாம். அதை வைத்துச் சிரிப்பு பண்ணாதீர்கள், சத்தியமாக வேண்டாம்.

ரேஸ் தொடங்கும்வரை பைக்குகளை மறித்து நிற்கும் ஸ்டார்ட் கேட் விழும் 'டங்' சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு ஜோக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவ அதைவிட நல்ல வெட்டு கிடைக்காது. எடிட்டில் சிரிப்பு வந்த இடத்திலேயே வெட்டுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும்.