தூசிக்குப் பின்னால இருக்கிற நட்சத்திரக் கொத்தை வன்னியில இருந்து ஆராயிறது எப்பிடி

ஆவணி மாசம் ராவு ஒம்பது மணி போல மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் லைட் இல்லாத வெளியில நிண்டு தெற்கால பாருங்கோ, தனுசு நல்ல உயரத்தில நிக்கும். பைனாகுலர் இருந்தா எம்22 எண்ட கோளக் கொத்து (உருண்டையா நெருங்கிக்கிடக்கிற நட்சத்திரக் கூட்டம்) மங்கல் உருண்டையாத் தெரியும். அதுக்குக் கொஞ்சம் மேற்கால டெர்சான் 5 எண்ட இன்னொரு கொத்து இருக்கு, நாங்க ஆராயப்போறது அதைத்தான், ஆனா அது தெரியாது. இடையில இருக்கிற தூசி அதின்ட ஒளியை ஏழு மேக்னிட்யூட் (நட்சத்திர வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுக்குக் குறைக்குது, அதாவது 600 மடங்குக்கு மேல.

வைக்கோல் எரிக்கிற புகைக்குள்ளால சூரியன் சிவப்பாத் தெரியுதெல்லோ, நீல ஒளி சிதறிப்போக சிவப்பு தப்பி வருது, அதே சங்கதிதான் இதுவும். இன்னும் நீள அலையான 2.2 மைக்ரோன் பக்கம், கே பட்டை எண்ட அகச்சிவப்பு ஒளியில, பார்த்தா பாதி ஒளி வந்து சேந்திடும். எங்கட ஊர் ஈரக்காத்தும் சூடும் இந்த அளவீட்டுக்குச் சரிவராது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம், அரிசோனாவிலயும் சிலியிலயும் 1997 தொடக்கம் 2001 வரை எடுத்த டூமாஸ் (2MASS) எண்ட அகச்சிவப்பு வான ஆய்வின்ட தரவு எல்லாருக்கும் இலவசம்.

முதல்ல ஃபோனிலயே அலாடின் லைட் (Aladin Lite) எண்ட இணைய வான வரைபடத்தைத் திறந்து கொத்தின்ட பேரை ஆங்கிலத்தில (Terzan 5) அடியுங்கோ, சாதாரண ஒளிப் படத்தையும் டூமாஸ் படத்தையும் மாத்தி மாத்திப் பாருங்கோ. அடுத்தது லப்டொப்பில டாப்கேட் (TOPCAT) எண்ட அட்டவணை மென்பொருளைப் போட்டு, அதுக்குள்ளால விசியர் (VizieR) எண்ட பட்டியல் களஞ்சியத்தில இருந்து டெர்சான் 5ஐச் சுத்தி 10 ஆர்க்மினிட் (ஒரு பாகையில அறுபதில ஒண்டுதான் ஆர்க்மினிட், அதில அறுபதில ஒண்டு ஆர்க்செகண்ட்) ஆரத்துக்குள்ள உள்ள டூமாஸ் பட்டியலை இறக்குங்கோ. தர அடையாளம் மூண்டு பட்டையிலயும் 'ஏ' உள்ளதை மட்டும் வச்சுக்கொண்டு, ஜே (கேயை விடக் குறுகின அலையுள்ள அகச்சிவப்புப் பட்டை) கழித்தல் கேயைக் கிடை அச்சிலயும், கேயை நிலை அச்சிலயும் வச்சுக் கீறுங்கோ, நிலை அச்சைத் தலைகீழாத் திருப்ப வேணும், பிரகாசமானது மேல வரோணும்.

இப்ப வாறதுதான் முக்கியம், நிறையப்பேர் இதைச் செய்யாமலே முடிவு சொல்லிப்போடுவினம். அந்தப் படத்தில பாதிக்கு மேல கொத்தின்ட நட்சத்திரமே இல்லை, வழியில நிக்கிற பால்வீதி நட்சத்திரங்கள். அதால நடுவில 20 ஆர்க்செகண்டை விட்டுட்டு (அங்க நெருக்கம், டூமாஸ் பிரிக்காது) 1.5 ஆர்க்மினிட் வரைக்கும் உள்ளதை ஒரு படமாயும், 6க்கும் 6.18 ஆர்க்மினிட்டுக்கும் இடையில உள்ள வளையத்தை மற்றப் படமாயும் கீறுங்கோ, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பரப்பளவு. முதலாவதில மட்டும் கூடிக்கிடக்கிற சாய்ஞ்ச கிளைதான் கொத்தின்ட செம்பெருநட்சத்திரங்கள் (வயதுபோய் ஊதிச் சிவந்ததுகள்). தூசி இடத்துக்கு இடம் மாறும், அதால வளையத்தை வேற இடத்திலயும் வச்சுப் பார்த்திட்டுத்தான் நம்புங்கோ.

மங்கின நட்சத்திரம் வேணுமெண்டா 2010இல தொடங்கின விவிவி (VVV) எண்ட அகச்சிவப்பு ஆய்வு இருக்கு, சிலியில உள்ள பரானலில 4.1 மீற்றர் விஸ்டா தொலைநோக்கியால எடுத்தது. அதில பிரகாசமான நட்சத்திரங்கள் ஒளி மிஞ்சி அளவு கெட்டுப்போயிருக்கும், அந்தப் பகுதிக்கு டூமாஸைத்தான் எடுக்கோணும், ரெண்டையும் ஒட்டுங்கோ.

2009இல வானியலாளர் ஃபெராரோவின்ட குழு பரானலிலயே விஎல்டி (VLT) எண்ட பெரிய தொலைநோக்கியால இதே ஜே, கே படத்தைக் கூர்மையாக் கீறினதாலதான் டெர்சான் 5க்குள்ள ரெண்டு விதமான நட்சத்திரக் கூட்டம் இருக்கெண்டு தெரியவந்தது, பிறகு 2016இல வயதும் கணிச்சினம், கிட்டத்தட்ட 12 பில்லியன் ஆண்டும் 4.5 பில்லியன் ஆண்டும். அது கைவந்தாப்பிறகு விருச்சிகத்தில இருக்கிற லில்லர் 1 எண்ட கொத்தை எடுங்கோ, அங்க தூசி இன்னும் கூட, நேராவே விவிவியில தொடங்கிறது நல்லது.