கருத்தாய்வு நடத்த முன்வரும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வாசகர் வட்டம், கோயில் தொண்டூழியர் குழு, முன்னாள் மாணவர் சங்கம், பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழு எனத் தமிழர்கள் கூடிச் செயல்படும் அமைப்புகள் பல, இப்போது தங்கள் நடவடிக்கைகளைத் திட்டமிடுவதற்குக் கருத்தாய்வை நாடுகின்றன. கூகல் படிவம் ஒன்றை உருவாக்கி, அதன் கியூஆர் குறியீட்டை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதற்கு அரைமணி நேரம் போதும். கடினமான வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் கேள்வியை எழுதுவதற்குமுன், இந்த ஆய்வை வைத்து எந்த முடிவை எடுக்கப்போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் செயற்குழுவினர் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் முடிவு மாறாது என்ற நிலை இருந்தால், அந்த ஆய்வைக் கைவிடுவதே நேர்மை; ஏனெனில், கேட்டுவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளாத அமைப்புக்கு மக்கள் அடுத்த முறை மனம்திறந்து பதில் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். என் கருத்தில் பெரும்பாலான ஆய்வுகள் தடம்புரள்வது இங்கேதான். சனிக்கிழமை மாலை நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் அந்த நேரம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டால், வசதியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வசதியாக இருந்ததால்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். சுழற்சி நேர வேலைக்குச் செல்லும் தாதி, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு கிடைக்கும் வெளிநாட்டு ஊழியர், திறன்பேசி பழகாத தாத்தா, இரண்டு ஆண்டுகளுக்குமுன் வருவதை நிறுத்திக்கொண்ட குடும்பம் ஆகியோரின் குரல் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. வருகை குறைந்ததற்கான காரணம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆகவே, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, வராமல்போனவர்களைத் தனியாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

வட்டார மக்களின் கருத்து தேவையென்றால், புளோக்கின் வீட்டு எண்களை வரிசைப்படுத்தி, குலுக்கலில் விழுந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் தட்டுவது எளிய முறை. அந்த வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. வேறொரு நாள், வேறொரு நேரத்தில் அதே வீட்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தாவினால், பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேரும்.

எத்தனை பேரிடம் கேட்பது என்ற கவலை, யாரிடம் கேட்பது என்ற கவலையைவிடச் சிறியது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 400 பேரின் பதில், மொத்த மக்களின் கருத்திலிருந்து பெரும்பாலும் 5 விழுக்காட்டுப் புள்ளிக்குமேல் விலகாது; 100 பேர் என்றால் அந்த விலகல் ஏறத்தாழ 10 புள்ளி வரை போகலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அடிப்படை விவரங்கள் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே எடுக்கப்பட்டன. மற்ற விவரங்களுக்காக ஏறத்தாழ 150,000 இல்லங்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. வீட்டில் பேசும் மொழி பற்றிய தகவல் அவ்வாறு திரட்டப்பட்டதே. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள வசிப்போரில் தமிழை வீட்டில் ஆக அதிகமாகப் பேசுவோர் 2010இல் 3.2 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தனர் என்பதை அந்தக் கணக்கெடுப்புதான் நமக்குக் காட்டியது.

கணக்கெடுப்பில் கேட்ட அந்த மொழிக் கேள்வி, தமிழ் தெரியுமா என்றோ தமிழை நேசிக்கிறீர்களா என்றோ அமையாமல், வீட்டில் எதை ஆக அதிகமாகப் பேசுகிறீர்கள் என்று நடைமுறையைத் தொட்டது. நம் கேள்விகளும் அவ்வாறே அமைய வேண்டும். “நம் தாய்மொழியைக் காக்கப் பிள்ளைகளுக்கு வார இறுதித் தமிழ் வகுப்பு தேவை என்று கருதுகிறீர்களா?” என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்ல எந்தத் தமிழருக்கு மனம் வரும்? அதை நம்பி வகுப்பு தொடங்கினால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதற்குப் பதிலாக இரு கேள்விகளைக் கேளுங்கள். “கடந்த மூன்று மாதங்களில் உங்கள் பிள்ளை பள்ளிக்கு வெளியே தமிழில் நடந்த நிகழ்ச்சி எதற்காவது சென்றாரா?” என்பது முதலாவது. “சனிக்கிழமை காலை 10 மணிக்கு, மாதம் 40 வெள்ளிக் கட்டணத்தில் வகுப்பு நடந்தால் பிள்ளையைச் சேர்ப்பீர்களா?” என்பது இரண்டாவது. நாள், நேரம், கட்டணம் மூன்றும் தெரிந்தபின் வரும் ‘ஆம்’ வேறு எடையுடையது. ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற தெரிவையும் தவறாமல் கொடுங்கள். இல்லாவிட்டால் தெரியாதவரும் எதையாவது தேர்ந்தெடுப்பார். இடமும் உணவும் நன்றாக இருந்தனவா என்பதுபோல் இரண்டை ஒன்றாகக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும்.

நேரில் கேட்கும்போது நம் பண்பாட்டின் ஒரு நல்ல இயல்பே இடையூறாகலாம். வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று மூத்தோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். “பாட்டி, முதியோர் மதிய விருந்து எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நல்லா இருந்துச்சுப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அடுத்த முறை ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள், பாட்டி?” என்று கேளுங்கள், மின்தூக்கியிலிருந்து மண்டபம் தொலைவு, சாம்பாரில் உப்பு அதிகம் என்று அப்போதுதான் வாய்திறப்பார். மகனோ மருமகளோ அருகில் அமர்ந்து அவருக்காகப் பதில் சொன்னால், அவர்களின் கருத்தைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, பாட்டியிடம் பொறுமையாக மீண்டும் கேட்க வேண்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. பதிவுபெற்ற தமிழ்ச் சங்கங்களும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் அடையாள அட்டை எண்ணைக் கேட்பதற்கும் கடுமையான வரையறை உண்டு. நிகழ்ச்சி பற்றிய கருத்தாய்வுக்கு அந்த எண் தேவைப்படாது. பெரும்பாலும் பெயர்கூட வேண்டாம். பெயர் கேட்காத தாளில்தான் மக்கள் உண்மையை எழுதுகிறார்கள்.

படிவத்தை வெளியிடுமுன், குழுவுக்கு வெளியே உள்ள ஐந்தாறு பேரை நிரப்பச் சொல்லி அருகிலிருந்து கவனியுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறார்களோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் பிடித்தால், முடிவுக்கு உதவாத கேள்விகளை நீக்குங்கள்.

பதில்களைத் தொகுத்தபின் எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்ற இரு எண்களையும் முடிவோடு சேர்த்தே வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்குள், என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றுகிறோம், எதை மாற்ற இயலவில்லை, ஏன் என்பதை ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அதே வாட்ஸ்அப் குழுவிலும் மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகையிலும் உரிய அனுமதியுடன் இடுங்கள். நேரில் பதில் சொன்ன முதியவர்களுக்கு அதே தொண்டூழியர் சென்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரட்டும்.