பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே இந்திய அரசமைப்பின் 'பிரிவு 21' மாதிரி ஒன்று கிடையாது

நீங்கள் வீடு மாறிக் கொஞ்ச நாளில் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வரும். இந்த முகவரியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டிருப்பார்கள். "நாம் விசாவில்தானே இருக்கிறோம், நமக்கு ஏது ஓட்டு?" என்று நம் ஆட்கள் பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். இவற்றின் குடிமக்கள் 18 வயது நிரம்பி, முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால், பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். மாணவர் விசா என்றாலும் சரிதான். இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் காட்ட உங்கள் ஊர் பாஸ்போர்ட்டே போதும்.

சரி, இந்த உரிமை எங்கே எழுதியிருக்கிறது? 1983-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில். அது மற்றச் சட்டங்களைப் போல ஒரு சாதாரணச் சட்டம். நாடாளுமன்றம் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையிலேயே அதை மாற்றிவிடலாம். இது புரிந்தால் இந்த நாட்டு அரசமைப்பில் பாதி புரிந்த மாதிரி.

ஊரில் நமக்குப் பழக்கம் வேறு. ஏதாவது பிரச்சினை என்றால் இந்திய அரசமைப்பின் பிரிவு 14 (சமத்துவம்), பிரிவு 21 (உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு) என்று பேசுவோம். இலங்கையில் 1978 அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அப்படி ஒரே புத்தகம் கிடையாது. அதற்காக 'எழுதப்படாத அரசமைப்பு' என்று சொல்வதும் சரியில்லை. பெரும்பகுதி எழுதித்தான் இருக்கிறது, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். 1215-இன் மாக்னா கார்ட்டா, 1689-இன் உரிமைகள் சட்டம், 1911-இன் நாடாளுமன்றச் சட்டம், 1998-இன் மனித உரிமைகள் சட்டம் என்று சிதறிக் கிடக்கிறது. தாத்தா காலத்துப் பத்திரம், அப்பா எழுதிய உயில், பங்காளிகளுக்குள் வாய்ப்பேச்சாக ஒரு ஏற்பாடு என்று குடும்பச் சொத்து நடக்குமே, அது மாதிரி.

அந்த வாய்ப்பேச்சுப் பகுதியைத்தான் மரபு என்கிறார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். மறுக்கக் கூடாது என்பது மரபு. கடைசியாக மறுத்தவர் ராணி ஆன், 1708-இல். மரபை மீறினால் நீதிமன்றம் வந்து காப்பாற்றாது. 2017-இல் பிரெக்ஸிட் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்துக்குப் பல்லே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2019-இல் போரிஸ் ஜான்சன் அரசு நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கியபோது, 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். அரசு செய்வதை நீதிமன்றம் ரத்து செய்யும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ரத்து செய்யாது. அரசமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றமே மாற்ற முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாளாகும்.

நம்மைப் போன்றவர்களைத் தொட்ட உதாரணம் ஒன்று. பயங்கரவாதச் சந்தேகம் இருந்தால் வெளிநாட்டவரை விசாரணையின்றிக் கால வரம்பில்லாமல் அடைத்துவைக்க 2001-இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுக்காரருக்கு அது பொருந்தாது. 2004-இல், அப்போது உச்ச நீதிமன்றத்தின் இடத்தில் இருந்த பிரபுக்கள் அவை நீதிபதிகள், இது மனித உரிமைக்கு ஒவ்வாது என்று அறிவித்தார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் அன்றே செத்துவிடவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் போனது.

விசா விதிகளை மாற்றுவது இன்னும் லேசு. குடியேற்ற விதிகளில் உள்துறை அமைச்சர் செய்யும் மாற்றத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்தாலே போதும். எம்பிக்கள் எதிர்த்து நிராகரிக்காதவரை, பெரும்பாலும் ஓட்டெடுப்பே இல்லாமல் நடைமுறைக்கு வந்துவிடும். "நான் வந்தபோது விதி வேறாக இருந்ததே" என்று புலம்பிப் பயனில்லை. விண்ணப்பிக்கும் வாரத்தில் ஹோம் ஆபீஸ் (உள்துறை) விதியை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்க எழுதும் 'லைஃப் இன் தி யுகே' தேர்விலும் இந்தச் சமாச்சாரமெல்லாம் வரும். 24 கேள்விகள், 18 சரியாக இருக்க வேண்டும். படித்தால் போதும், பயம் வேண்டாம்.

அதைவிட முக்கியம் உங்கள் தொகுதி எம்பி யார் என்று தெரிந்துவைப்பது. எல்லாம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிற ஊர் இது. எம்பிக்கள் தொகுதி மக்களை நேரில் சந்திக்கும் நேரத்தை இங்கே 'சர்ஜரி' என்பார்கள். முதல்முறை கேட்டபோது அவருக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். நீங்கள் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுத்தால், முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு, ஹோம் ஆபீஸ் குறிப்பு எண்ணும் முகவரிச் சான்றும் கையோடு எடுத்துப் போங்கள்.